கொப்பியை மூடிவிட்டுப் படிப்பது எப்படி?

முதலாம் செமஸ்டர் ரிசல்ட் வரும் நாளில், வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவில் என்றாலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்கள் இருக்கும் கிளிநொச்சி அறிவியல் நகரில் என்றாலும், அடிபடும் கதை ஒன்றுதான். ஏ.எல் எனப்படும் உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ எடுத்து வந்த பிள்ளைக்கு பி மைனஸும் சி பிளஸும். முல்லைத்தீவின் உள்கிராமம் ஒன்றிலிருந்து, மாவட்ட வெட்டுப்புள்ளியை மட்டுமட்டாகத் தாண்டி வந்த பிள்ளைக்கு வரிசையாக ஏ. முதல் பிள்ளை படிக்கவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. லைப்ரரி பூட்டும்வரை இருந்தது. ஸ்லைட் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்தது. மஞ்சள், பச்சை, ரோஸ் என்று கோடடித்தது. ஒவ்வொன்றையும் நாலு தரம் வாசித்தது.

அந்த நாலு தரம் வாசித்ததில்தான் பிழை. வாசிப்பது ஒரு வேலை. வாசித்ததை ஒன்றும் பார்க்காமல் மூளையிலிருந்து வெளியே எடுப்பது வேறொரு வேலை. பரீட்சை மண்டபத்தில் நம்மிடம் கேட்பது இரண்டாவதை. செமஸ்டர் முழுக்க முதலாவதை மட்டும் பழகிவிட்டு அங்கே போய் உட்கார்ந்தால், 'தெரியும், ஆனால் வருகுதில்லை' என்ற நிலைதான். கல்வி உளவியலாளர்கள் இந்த இரண்டாவது வேலையை மீட்டெடுப்புப் பயிற்சி என்கிறார்கள். பேர் பெரிசு, செய்வது சின்ன விஷயம்: கொப்பியை மூடு, தெரிந்ததை எழுது, திறந்து பார், விட்டதைத் திருத்து.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இருவர், மாணவர்களுக்குச் சின்ன உரைப்பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு நாலு சுற்றும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மிச்ச மூன்று சுற்றிலும் வெற்றுத் தாளில் ஞாபகத்திலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுதான் முன்னுக்கு நின்றது. ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது நாலு தரம் வாசித்தவர்களுக்கு 40 வீதம் அளவில்தான் ஞாபகம் இருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 வீதம். இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்டபோது, கூட நம்பிக்கையோடு இருந்தவர்கள் வாசித்த குழுவினர்தான்.

ஏன் அந்த நம்பிக்கை? மூன்றாம் தரம் வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போகும். எந்தச் சொல்லும் புதிதாக இராது. 'ஓம், இது தெரிஞ்சதுதானே' என்று மனம் சொல்லும். கண்டால் அடையாளம் தெரிவதை, கேட்டால் சொல்லத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம். கொப்பியை மூடி எழுதும்போது நேர்மாறு. இரண்டாம் வரியிலேயே பேனை நிற்கும், எரிச்சல் வரும், ஒன்றுமே தெரியாதது போல இருக்கும். பலர் அந்த இடத்தில் 'எனக்கு இந்த முறை சரிவராது' என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் ஞாபகம் பலப்படுவது அந்த முக்கலில்தான். 2013இல் ஜோன் டன்லொஸ்கி என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை நடந்த ஆய்வுகளை வைத்துத் தரம் பிரித்தார்கள். கோடடிப்பதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் அடியில் நின்றன. தன்னைத்தானே சோதிப்பதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே நின்றன. ஹைலைட்டர் பேனையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கோடடித்ததும் படித்து முடிந்தது என்று எழும்பாதீர்கள் என்கிறேன்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஏ.எல் காலத்தில் நீங்கள் இதைச் செய்தவர்கள்தான். ரியூசன் சேர் பத்து வருஷப் பாஸ்ட் பேப்பரைக் கையில் தந்து, மணிக்கூட்டைப் பார்த்து எழுதவைத்து, திருத்தித் தந்தார். பேப்பர் கிளாஸுக்குப் போகாவிட்டால் வீட்டுக்கு அறிவித்தார். கம்பஸில் அந்த ஆள் இல்லை. அங்கே பேப்பர் வகுப்பு வைக்கவேண்டியவர் நீங்களேதான். ஏ.எல்லில் நல்லாச் செய்த பிள்ளைகள் கம்பஸில் சறுக்குவதற்கு நான் காணும் பெரிய காரணம் இது. பாடமாக்கிய பழக்கம் கூடவே வந்துவிட்டது. சோதித்த பழக்கம் ரியூசன் கொட்டிலோடு நின்றுவிட்டது.

ஒரு லெக்சரை எடுத்துப் பார்ப்போம்

விவசாய பீடத்து முதலாம் வருஷம் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை மண்ணியல் லெக்சர். தலைப்பு, கற்றயன் பரிமாற்றக் கொள்ளளவு; அதாவது நேரேற்றமுள்ள அயன்களை மண் எவ்வளவு பிடித்து வைக்கும் என்பது. இருபத்தைந்து ஸ்லைட்.

அன்றிரவு ஹொஸ்டலில் ஸ்லைடைத் திறக்க முதல் ஒரு வெற்றுத் தாளை எடுங்கள். இன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். 'மண் துணிக்கைக்கு மறையேற்றம் இருக்கு. நேரேற்றமுள்ள அயனைப் பிடிச்சு வைக்கும். களிமண்ணுக்குக் கூட, மணலுக்குக் குறைவு.' இதற்கு மேல் வராது என்றால் பரவாயில்லை. இப்போது ஸ்லைடைத் திறந்து, விட்டுப்போனவற்றைச் சிவப்புப் பேனையால் அதே தாளில் சேருங்கள். சேதனப் பொருள் களிமண்ணைவிடக் கூடப் பிடிக்கும் என்பது விடுபட்டிருக்கும். களியிலும் வகை உண்டு, கயோலினைட்டுக்குக் குறைவு, மொன்மொரிலொனைட்டுக்கு மிகக் கூட என்பதும் விடுபட்டிருக்கும். சிவப்பில் எழுதியதுதான் உங்களுடைய உண்மையான பாடம். நீலத்தில் இருப்பதைத் திரும்ப வாசித்து நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

பிறகு அந்தத் தாளின் பின்பக்கத்தில் கேள்விகள். இது என்ன? களிமண்ணுக்கு ஏன் கூட? சேதனப் பசளை போட்டால் ஏன் உயரும்? இவை மூன்றும் யாருக்கும் வரும் கேள்விகள். நாலாவதுதான் பி எடுப்பவரையும் ஏ எடுப்பவரையும் பிரிப்பது: விசுவமடுவில் அப்பா நெல்லுக்கு யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் ஏன் பிரித்துப் பிரித்துப் போடுகிறார்? விடையைத் தொடர்ச்சியாக எழுதிப் பாருங்கள். யூரியா மண்ணில் அமோனியமாக மாறும். அமோனியம் நேரேற்றம், ஆகவே களி பிடித்து வைக்கும். மணல் பாங்கான மண்ணில் பிடிக்க இடம் குறைவு. அமோனியத்தில் ஒரு பங்கு நைத்திரேற்றாக மாறும். அது மறையேற்றம், மண் பிடிக்காது, தண்ணீரோடு கீழே போய்விடும். ஆகவே பயிருக்குத் தேவையான நேரத்தில் தேவையான அளவு. லெக்சரில் தனித்தனியாகக் கிடந்த துண்டுகள் ஒரே பந்தியில் கோர்த்து வந்துவிட்டன. 'விளக்குக' என்று பத்துப் புள்ளிக்குக் கேட்கும் கேள்வி இதைத்தான் எதிர்பார்க்கிறது. வன்னிப் பிள்ளைக்கு இந்த இடத்தில் ஒரு வாய்ப்பும் உண்டு: வயலும் குளமும் பசளைப் பையும் வீட்டிலேயே இருக்கின்றன. பாடத்தை அதோடு முடிச்சுப் போட்டால் மறப்பது கஷ்டம்.

முழு வேலைக்கும் அரை மணித்தியாலம் காணும். நாலு தரம் வாசிப்பதற்கு இதைவிடக் கூட நேரம் போகும்.

இடைவெளி

இதே தாளை அன்றிரவோடு மூடிவிட்டால் மறந்துபோகும். 1885இலேயே ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, தானே தன்னைச் சோதித்து, மறதி முதல் மணித்தியாலங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று காட்டினார். மறப்பது உங்கள் மண்டையின் குறை அல்ல, எல்லாருக்கும் அப்படித்தான். மறக்கத் தொடங்கும் நேரத்தில் மறுபடி இழுத்து எடுத்தால், அடுத்த தரம் மறக்க இன்னும் காலம் எடுக்கும். இரணைமடுக் குளத்துத் துருசை ஒரே நாளில் முழுக்கத் திறந்துவிட்டு 'போகத்துக்கான தண்ணி கொடுத்தாச்சு' என்று சொன்னால் எந்த விவசாயியும் சண்டைக்கு வருவார். முறை வைத்துக் கொடுத்தால்தான் வயல் குடிக்கும். ஸ்டடி லீவில் மூன்று இரவு முழித்து ஒரு பாடத்தை முடிப்பது அந்த ஒருநாள் திறப்புத்தான்.

எவ்வளவு இடைவெளி என்பதற்கும் ஓரளவு கணக்கு உண்டு. 2008இல் நிக்கலஸ் செப்பேடாவும் சக ஆய்வாளர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த சோதனையில், கடைசிச் சோதனை 7 நாளில் என்றால் ஒரு நாள் இடைவெளியும், 35 நாளில் என்றால் 11 நாள் அளவும், 70 நாளில் என்றால் 21 நாள் அளவும் நல்ல பலன் தந்தன. பரீட்சை எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு இடைவெளியையும் நீட்டலாம் என்பதே விஷயம். இந்த எண்களையே பிடித்துத் தொங்க வேண்டாம். பதினைந்து கிழமை செமஸ்டருக்கு நான் சொல்வது: லெக்சர் நடந்த இரவு, இரண்டு மூன்று நாள் கழித்து, அடுத்த கிழமை, பிறகு மூன்று கிழமை கழித்து. ஒவ்வொரு தரமும் பின்பக்கக் கேள்விகளை மட்டும் பாருங்கள். சரியாக வந்த கேள்வி அடுத்த தரத்துக்குப் பிந்தலாம், பிழைத்த கேள்வி முந்த வேண்டும்.

வார இறுதியில் வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு வீட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு பஸ்ஸிலேயே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. ஏ9இல் ஓமந்தை தாண்டுவதற்குள் ஒரு தாளின் கேள்விகளை மனதுக்குள் சொல்லி முடிக்கலாம். நின்றுகொண்டு போனாலும் இது ஓடும், கொப்பி தேவையில்லையே. வெள்ளாமை வெட்டும் காலத்தில் வீட்டுக்குப் போனால் படிக்கவே ஏலாது என்பதும் உண்மை. அந்தக் கிழமைகளை முன்கூட்டியே கலண்டரில் அடித்துவிட்டு, மிச்சக் கிழமைகளில் கணக்கைச் சரிசெய்வதுதான் வழி.

எங்கே நேரத்தைப் போடுவது

ஜிபிஏ, அதாவது சராசரித் தரப்புள்ளிக் கணக்கைப் பலர் மூன்றாம் வருஷத்தில்தான் போட்டுப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பாடத்தின் தரப்புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் பிரிக்க வேண்டும். மூன்று கிரெடிட் பாடத்தில் ஏ (4.0), இரண்டு கிரெடிட் பாடத்தில் பி (3.0), ஒரு கிரெடிட் பாடத்தில் சி (2.0) என்றால் 12, 6, 2, கூட்டினால் 20, ஆறால் பிரித்தால் 3.33. இப்போது அந்த ஏயும் சியும் இடம் மாறினால்? மூன்று கிரெடிட்டில் சி, ஒரு கிரெடிட்டில் ஏ: 6, 6, 4, கூட்டினால் 16, ஜிபிஏ 2.67. அதே மூன்று கிரேட்தான், ஆனால் இடைவெளி பெரியது. ஃபர்ஸ்ட் கிளாஸுக்குப் பொதுவாக 3.70 கேட்கிறார்கள். ஆகவே பிடித்த பாடத்துக்கு அல்ல, கிரெடிட் கூடிய பாடத்துக்குக் கூட நேரம்.

நேரம் என்றால் எவ்வளவு? எஸ்.எல்.கியூ.எஃப் எனப்படும் இலங்கையின் தகைமைச் சட்டகம் ஒரு கிரெடிட்டை 50 மணித்தியாலக் கற்றல் என்று கணக்கிடுகிறது. அதில் லெக்சர் 15 மணித்தியாலம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 150 மணித்தியாலம்; லெக்சர் 45. மிச்சம் 105 உங்கள் கையில். 'லெக்சருக்கெல்லாம் போனேன், ஏன் கிரேட் வரவில்லை' என்று கேட்பவருக்கு விடை இந்தக் கழித்தலில் இருக்கிறது.

செமஸ்டர் நடக்கும்போதே வைக்கும் சோதனை, ஒப்படை போன்ற இன்கோர்ஸை விளையாட்டாக எடுக்க வேண்டாம். பல பாடங்களில் மொத்தப் புள்ளியில் முப்பது, நாற்பது வீதம் அதில்தான். ரிப்பீட் எழுதினால் பல இடங்களில் 'சி'க்கு மேல் கிரேட் தரமாட்டார்கள். லெக்சர் வரவு 80 வீதத்துக்குக் கீழே போனால் பரீட்சைக்கே இருக்கவிடாத பீடங்கள் உண்டு. பீடத்தின் கையேட்டில் இதெல்லாம் இருக்கிறது. ராகிங்குக்குப் பயந்து முதல் மாதம் ஒளிந்து திரிபவர்கள்கூட அந்தக் கையேட்டை ஒருக்கால் வாசித்துவிட வேண்டும்.

இங்கிலிஷ் என்ற மதில்

ஏ.எல் வரை எல்லாம் தமிழில். கம்பஸ் கதவைத் திறந்தால் லெக்சரும் ஸ்லைடும் பரீட்சையும் இங்கிலிஷில். இதோடு இன்னொரு பயமும் சேரும்: 'நாங்கள் பின்தங்கிய மாவட்டத்தால் வந்தவர்கள்.' பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலும் அந்தப் பட்டியலில் உள்ளவைதான். ஆனால் அனுமதிக்குப் பார்க்கும் ஏ.எல் இசற் புள்ளி வாசலோடு முடிந்துவிடுகிறது. ஜிபிஏக் கணக்கில் அதற்கு ஒரு தசமமும் இல்லை.

மதிலை ஏற ஒரு வழி: முதலில் தமிழில் வாய்விட்டு விளங்கப்படுத்துங்கள். விளங்கியது என்று நிச்சயமானதும் அதையே இங்கிலிஷில் சின்னச் சின்ன வசனமாக எழுதுங்கள். இலக்கணம் பிழைக்கட்டும், கலைச்சொல் பிழைக்கக் கூடாது. நேரே இங்கிலிஷ் பந்தியைப் பாடமாக்குபவர்கள், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் அந்தரப்படுவார்கள். அதோடு கேள்வியின் முதல் சொல்லைப் பாருங்கள். 'டிஃபைன்' என்றால் இரண்டு வரி. 'எக்ஸ்பிளெயின்' என்றால் காரணம். 'கம்பெயார்' என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும். தனித்தனியாக இரண்டு பந்தி எழுதினால் பாதிப் புள்ளிதான். பாடம் தெரிந்தும் புள்ளி போகும் இடங்களில் இது ஒன்று.

கணக்குப் பாடக்காரருக்கு ஒரு சிறப்புக் குறிப்பு. ஒரே வகைக் கணக்கை இருபது தரம் செய்துவிட்டு அடுத்த வகைக்குப் போவது நல்லா ஓடுவது போலத் தெரியும். 2007இல் டக் ரோரர், கெலி டெய்லர் இருவரும் திண்மங்களின் கனவளவு காணும் கணக்குகளை ஒரு குழுவுக்கு வகை வகையாகவும் மற்றதற்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகை வகையாகச் செய்தவர்கள் 89 வீதம் சரி, கலந்து செய்தவர்கள் 60. ஒரு கிழமை கழித்து நடந்த சோதனையில் முதல் குழு 20, கலந்து செய்தவர்கள் 63. எந்தச் சூத்திரம் என்று தீர்மானிப்பதுதான் பரீட்சையின் பாதிக் கஷ்டம். கலந்து செய்யும்போதுதான் அது பழகும். பொறியியல் பீடத்தில் ரியூட் எனும் பயிற்சித் தாள்களைக் கலந்துபோட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்துச் செய்யுங்கள்.

குப்பி

கம்பஸ் பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொடுத்துப் படிக்கும் கூட்டத்துக்குக் குப்பி என்று பேர். சீனியர் அக்கா ஒருவர் வெள்ளைப் பலகையில் எழுத, நாற்பது பேர் கொப்பி பண்ணினால் அது இன்னொரு லெக்சர். நல்ல குப்பி இப்படி நடக்கும்:

"தம்பி, கொப்பியை மூடும். பிரேக் ஈவன் எண்டா என்ன?"

"அக்கா, அது... லாபமும் இல்லை, நட்டமும் இல்லை."

"சரி. நிலையான செலவு கூடினா அந்தப் புள்ளி எங்க போகும்?"

"கீழ... இல்லை அக்கா, மேல."

"ஏன் மேல?"

அந்த 'ஏன்'இல் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருக்கட்டும். அக்கா அவசரப்பட்டு விடையைச் சொல்லக் கூடாது. தம்பி தட்டுத் தடுமாறி, ஒரு துண்டு விற்றால் கிடைக்கும் பங்களிப்பு மாறவில்லை, ஈடுகட்ட வேண்டிய செலவு கூடியிருக்கிறது, ஆகவே கூடத் துண்டு விற்க வேண்டும் என்று தானே வந்து சேர்ந்தால் அது பரீட்சையிலும் வரும். நாலைந்து பேர் போதும். ஒவ்வொரு தரமும் வேறு ஆள் கேள்வி கேட்க வேண்டும். நல்லாப் படிக்கும் பிள்ளைகள் 'நேரம் போகுது' என்று குப்பிக்கு வராமல் விடுவார்கள். உண்மையில் கூட லாபம் சொல்லிக்கொடுப்பவருக்குத்தான். கைச்செலவுக்கு ஊரில் ரியூசன் கொடுக்கும் கம்பஸ் பிள்ளைகளுக்கு இது ஏற்கெனவே தெரியும்.

நித்திரையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. படித்தது ஞாபகத்தில் உறைவதில் நித்திரைக்குப் பங்கு உண்டு. பிளேன்ரீயை வைத்து முழித்துவிட்டு, கணக்கில் அடையாளத்தை மாற்றிப் போட்டு வருபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

கடைசியாக, பாஸ்ட் பேப்பர் இல்லாத பாடங்களுக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. தொழில்நுட்பக் கற்கைகள் போன்ற புதிய பீடங்களில் சீனியர்களிடம் வாங்க அதிகம் இராது. அப்படியான பாடத்தில் லெக்சரர் முதல் நாள் தரும் பாடவிபரத் தாளை எடுங்கள். அதில் 'இந்தப் பாட முடிவில் மாணவர் இன்னின்னதைச் செய்யக்கூடியவராக இருப்பார்' என்று ஏழெட்டு வரி இருக்கும். யாரும் வாசிப்பதில்லை. ஒவ்வொரு வரியையும் இரண்டு கேள்வியாக மாற்றி, புள்ளி போட்டு, இரண்டு மணித்தியாலப் பேப்பராக அடுக்குங்கள். விடை சரியா என்று சந்தேகம் வந்தால் எழுதிய தாளோடேயே லெக்சரரிடம் போங்கள். 'சேர், இந்தப் பாடம் விளங்கவில்லை' என்று போனால் ஸ்லைடைத் திரும்பப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவார். 'சேர், இந்த மூன்றாவது படியில் ஏன் இப்படி வருது?' என்று தாளை நீட்டினால் கதிரையைக் காட்டி இருக்கச் சொல்வார்.